பொட்டு வைத்த வாத்துப் பெட்டி

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். இந்த மலரில் மற்றவர்கள் அண்ணனைத் தங்கமான மனிதர் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர் இருந்தபோது இவர்கள் வாயில் வந்தது, 'திருவிழாவில் துப்பாக்கி விளையாட்டு விடுகிறவன்' என்பதுதான். அதையும் யாராவது எழுத வேண்டுமே என்று தங்கை நான் எழுதுகிறேன்.

அண்ணன் அன்னவாசலில் பிறந்தார். அப்பா காலமானதும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, புதுக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார், தான் கட்டிக்கொள்ளவில்லை. கணவரை இழந்து கைக்குழந்தையோடு வந்து நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே அழைத்துக்கொண்டார். என் மகனுக்குத் தன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்.

ஏதோ ஒரு பொருட்காட்சியில் ஓடாமல் கிடந்த பழைய துப்பாக்கி விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் சங்கிலியில் தகர வாத்துகள் வரிசையாக நகரும். குறி பார்த்து விசையை அழுத்தினால் 'டப்' என்று வெடிச்சத்தம் கேட்கும், வாத்து சாயும், மணி அடிக்கும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எல்லாம் மோட்டாரும் ரிலேயும்தான். கருகிப்போயிருந்த காயில்கள் ஒவ்வொன்றையும் அண்ணன் தன் கையாலேயே சுற்றினார்.

சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கெல்லாம் அந்தப் பெட்டி போனது. மீனவர் ஊரான ஜெகதாப்பட்டினத்துக்குப் போனால் மட்டும் வெடிச்சத்தத்துக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிடுவார்.

"கடல்ல நெசத் துப்பாக்கிச் சத்தத்தையே கேட்டுட்டு வந்த ஆளுங்கம்மா. இவங்களுக்கு மணி மட்டும் போதும்."

இப்படி யோசிக்கத் தெரிந்தவரைத்தான் கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தீர்கள்.

ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முதல் வாத்தை அண்ணன்தான் சாய்ப்பார். மணி அடித்த பிறகே எங்களுக்குப் பொரி கிடைக்கும்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. என் மகன் பழைய இரும்புக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான்.

"மாமா வந்தாலும் இனிமே இத ஓட்டப் போறதில்லம்மா. உள்ள அம்புட்டும் செம்பு."

நான் தடுத்திருக்க வேண்டும். என் வாயில் வந்தது இதுதான்: "பொட்டு வச்சிருக்குப்பா. பெட்டியத் தொடாத, உள்ள இருக்கறத வேணா எடுத்துக்க."

பெட்டி நின்றது. அதன் குடலை உருவிக் கொடுத்துவிட்டோம்.

அண்ணன் பிழைத்து வந்தார். வாசலிலேயே கேட்டார்: "பெட்டி இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று தினமும் கையைப் பிசைந்து பழகினார். "கை நல்லா வரட்டும்ணே" என்று நான் நாளைக் கடத்தினேன். ஆயுத பூஜை வந்தது. கம்பை ஊன்றி வந்து, இடது கையால் பெட்டிக்குப் பொட்டு வைத்தார்.

"சுவிட்சப் போடு மாப்ளே" என்றார் என் மகனிடம். அவன் போட்டான். அண்ணன் விசையை அழுத்தினார். வாத்து நகரவில்லை. மறுபடியும் அழுத்தினார். பிறகு விரலை மடக்கிப் பலகையைத் தட்டிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மோட்டாரோடு கிடந்தவருக்கு அந்தச் சத்தமே போதும்.

"பொட்டு மட்டும் அழியாமப் பாத்துக்கிட்டீங்க" என்றார்.

திட்டியிருக்கலாம், கம்பால் அடித்திருக்கலாம். நான் நீட்டிய பொரியை வாங்கித் தின்றார். அதன் பிறகு கையைப் பிசைந்து பழகவே இல்லை. பொங்கல் வருவதற்குள் போய்விட்டார்.

தினமும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, கைப்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும் நன்றி. துக்கத்துக்கு வேன் பிடித்து வந்து, அழுவதற்கு முன்பே "பெட்டி எங்கம்மா?" என்று கேட்ட ஜெகதாப்பட்டினத்துக்காரர்களுக்கும் நன்றி. அவர்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, இதுதான் பதில்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணன் படத்துக்கு மாலை போடுங்கள், விளக்கேற்றுங்கள். பொட்டு மட்டும் வைக்க வேண்டாம். அந்த மரியாதையை நாங்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டோம்.