மணல்திட்டில் விட்டு வந்தவன்

நான் ஒரு மனிதனைக் கடல் நடுவே சாகவிட்டு வந்தவன். அவனை அலை இழுத்துக்கொண்டு போனதாக அவன் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். முப்பது ஆண்டுகளாகியும் அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை.

அவன் பெயர் அந்தோனி. மன்னாரில் எனக்கு அடுத்த வீடு. போருக்குப் பயந்து இருவரும் இந்தியாவுக்குப் படகேறினோம். படகோட்டி எங்களை நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, வேறு படகு வரும் என்று சொல்லித் திரும்பிவிட்டான். இரண்டு நாளாக எதுவும் வரவில்லை. அந்தோனிக்குக் கடுங்காய்ச்சல். மூன்றாம் நாள் காலை, அவனைப் படுக்கவைத்துவிட்டுத் திட்டின் மறுமுனைக்குத் தனியே நடந்தேன்.

அங்கே ஓர் இந்திய மீன்பிடிப் படகு நின்றது.

“சீக்கிரம் ஏறுப்பா, நேவிக்காரன் வர்றான். வேற யாராச்சும் இருக்காங்களா?” என்றார் மீனவர்.

அந்தோனியைத் தூக்கிவர அரை மணி நேரமாவது ஆகும்...

“இல்லை” என்றேன்.

படகு விலகியதும் திரும்பிப் பார்த்தேன். அவன் எழுந்து நின்றிருந்தான். கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை... பார்த்துக்கொண்டே நின்றான்.

கரை சேர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. அந்த வெட்கத்துக்காகவா ஓர் உயிர்? ஆம், அதற்காகத்தான்.

இப்போது லண்டனில் ஓர் ஓவியக்கூடத்தில் காவலாளியாக இருக்கிறேன். என் பொறுப்பிலுள்ள அறையில் இருநூறு ஆண்டுப் பழைமையான கடல் ஓவியம் ஒன்று உண்டு. கருமேகம், வற்றிய கடல், கண்ணுக்கெட்டிய மட்டும் ஈர மணல்.

அந்தோனியின் மனைவி ஜெசிந்தாவும் லண்டனில்தான், மிச்சம் என்ற பகுதியில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே பங்குக் கோவில். சென்ற வசந்தத்தில் கோவில் பெண்களோடு கூடத்துக்கு வந்தவள், அந்த ஓவியத்தின் முன் நின்றுவிட்டாள்.

“அண்ணை, இதில ஒரு ஆள் நிக்கிறார். பாத்தனீங்களோ?”

எட்டு ஆண்டுகளாக அன்றாடம் பார்க்கிறேன். நகக்கண் அளவு பழுப்புத் தீற்றல்.

“அது ஆளில்லை, தங்கச்சி. ஏதோ கட்டை.”

“இல்லை, வடிவாப் பாருங்கோ. ஆரோ வருவினம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “என்ர மனுசன் கனநேரம் கஷ்டப்பட்டவரோ, அண்ணை?”

மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போயிருந்தார்கள். நானும் அவளும் மட்டும்... இதைவிட வேறென்ன தருணம் வேண்டும் எனக்கு?

“இல்லை. ஒரு நொடியில முடிஞ்சுது” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். அதுதான் எனக்கு ஆறுதல்.”

கீழே இருந்த கடையில் அந்த ஓவியத்தின் பிரதி ஒன்றை வாங்கிச் சென்றாள். இப்போது அது அவள் வீட்டுக் கூடத்தில், அந்தோனியின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை அழைத்துப்போய் அதற்கு எதிரே உட்காரவைத்துத் தேநீர் தருவாள்.

சென்ற ஞாயிறு சொல்லிவிடத் துணிந்து, “ஜெசிந்தா...” என்றேன்.

“என்னண்ணை, சீனி காணாதோ?”

“காணும், போதும்” என்று சொல்லிக் குடித்துவிட்டு வந்தேன்.