மேற்குக் குவியலின் ஜகாத்

ஃபையூம் பக்கத்துக் காப்பிக் கடைகளில் மெத்வல்லிக்கு ‘யூரியா மெத்வல்லி’ என்றுதான் பெயர். உர மூட்டை இல்லாமல் கோதுமை விளையும் என்று எவனாவது சொல்லிவிட்டால், தேநீரை ஆறவிட்டுச் சண்டைக்குப் போவார். வயது அறுபதை நெருங்கியும் வாய் அடங்கவில்லை.

அந்த வாய்தான் அவரை மாட்டிவிட்டது. அப்பா விட்டுப்போன நிலத்தில் கிழக்குப் பாதி அவருடையது, மேற்குப் பாதி தங்கை ஷூக்ரியாவுடையது. இரண்டையும் அவரே விதைத்து வந்தார். ஷூக்ரியாவின் வீடு கிழக்குப் பாதியை ஒட்டி இருந்தது. அவர் பூச்சிமருந்து தெளிக்கிற நாட்களில் அவள் புருஷன் ரகப் மூச்சுக்குத் தவித்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஜன்னலை அடைத்தும் பயனில்லை.

“மருந்தும் உரமும் வேண்டாம், அண்ணே. ரெண்டு பாதியிலயும் வேண்டாம்.”

“அப்புறம் விளையறது குருவிக்கே பத்தாது.”

“என் பாதியில இந்த வருஷம் சாணியும் புறா எச்சமும் மட்டும் போட்டுப் பாக்கறேன். உன்னோடதைவிடக் கூட விளைஞ்சா, நீ கிழக்கையும் அப்படியே பண்ணணும். குறைஞ்சா நான் வாயே திறக்க மாட்டேன்.”

மெத்வல்லி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். போதாக்குறைக்குக் காப்பிக் கடையிலும் போய்ச் சொல்லிவைத்தார்.

முதலில் மேற்குப் பாதி வெளிறிக் கிடந்தது. அவருக்கு ஒரே குஷி. கதிர் பிடித்தபோதுதான் அந்தக் குஷி போனது. அறுத்து அடித்துப் பார்த்தால் ஷூக்ரியாவின் குவியல் கொஞ்சம் உயரமோ என்று பட்டது. காப்பிக் கடையில் இனி எந்த முகத்தோடு உட்காருவது?

தராசு வருவதற்கு முன்பே, விளைச்சலில் இல்லாதவர்களுக்குக் கட்டாயம் தரவேண்டிய பங்கான ஜகாத்துக்காக ஏழைப் பெண்கள் களத்தோரம் வந்து நின்றார்கள். ரகபுக்குச் சாப்பாடு கொடுக்க ஷூக்ரியா வீட்டுக்குப் போயிருந்தாள். மெத்வல்லி மரக்காலை எடுத்தார். இரண்டு பாதிக்கும் சேர்த்து, ஜகாத் முழுவதையும் மேற்குக் குவியலிலிருந்தே அள்ளி அள்ளிப் போட்டார். ஒரு மூட்டைக்கு மேலேயே போயிருக்கும். நல்ல காரியம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“உன் கை என்னைக்கும் குடுக்கற கையா இருக்கட்டும், மகனே” என்று ஒரு கிழவி வாழ்த்தினாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நிறுத்ததில் ஷூக்ரியாவின் கோதுமை அரை மூட்டை குறைந்தது. தராசுக்காரன் போன பிறகு அண்ணனும் தங்கையும் மட்டும் களத்தில் நின்றார்கள்.

“சரி, தோத்துட்டேன்” என்றாள். “இன்னும் ஜகாத் எடுக்கலையே, அண்ணே. ரெண்டு பேருக்கும் சேர்த்து என்னோடதுலருந்தே எடு. அந்தப் புண்ணியத்துலயாவது ரகபுக்கு மூச்சு வரட்டும்.”

மெத்வல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. மரக்காலைத் தொடக் கை வரவில்லை.

“எடுத்தாச்சு.”

“எப்ப?”

“தராசு வர்றதுக்கு முன்னாடி. உன்னோடதுலருந்து. முழுசும்.”

அவள் குவியலைப் பார்த்தாள். கணக்கு அவளுக்கும் தெரியும்.

“யார் பேர்ல குடுத்தே?”

“என் பேர்ல.”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த விதைப்பில் கிழக்குப் பாதிக்கும் சாணி வந்தது. ரகப் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினான். ஜெயித்தும் தங்கைக்காக விட்டுக்கொடுத்த மனுஷன் என்று ஊரே மெத்வல்லியை மெச்சியது. தொழுகை முடிந்து வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். அப்போதெல்லாம் அவருக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருக்கும். உண்மையைச் சொல்லிவிடப் பலமுறை வாயெடுத்தார். ஊரையே அதட்டிய வாய் அதற்கு மட்டும் வரவில்லை. காப்பிக் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

கல்யாண வீடுகளில் பெண்கள் ஷூக்ரியாவிடமே வந்து சொல்வார்கள்: “இப்படி ஒரு அண்ணன் யாருக்குடி கிடைப்பான்?”

“ஆமா” என்பாள் அவள், மெத்வல்லியின் காதில் விழும்படியாக.