டயரைத் தட்டிய பயணி

சேலம் விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நடந்த திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் லாரி முதலாளி, படியேறாமல் குனிந்து, குடைக்காம்பால் விமானத்தின் டயரைத் தட்டினார். காவலர் ஓடிவந்து, "உங்களை ஏற்ற முடியாது" என்றார். அன்று பெங்களூரில் அவர் பேத்திக்கு நிச்சயதார்த்தம்.

"ஏனுங்க, ஏறுற வண்டியத் தட்டிப் பாக்காம எப்படிங்க ஏறுறது?"

விமானங்களுக்குத் தகுதிச் சான்று கொடுத்தே ஓய்வுபெற்ற நான் சொன்னேன்: "சுற்றிப் பார்ப்பது பைலட்டின் பொறுப்பு. விதியே இருக்கிறது."

"அவிங்க பாத்தத நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

அப்போதுதான் பைலட் இறங்கி வந்தார். இளம்பெண். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"வாங்கய்யா, நானும் அதுக்குத்தான் வந்தேன்."

இருவரும் ஒரு சுற்று சுற்றினார்கள். "போலாமுங்க" என்று முதலாளி அனுமதி கொடுத்த பிறகே நாங்கள் ஏறினோம்.

பெல்ட் மாட்டியதும் அவர் குறட்டை விட்டார். விதி தெரிந்த நான்தான் பெங்களூர் வரை இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.