கட்சாலில் கடல் கரையேறிய காலை

லாரியில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை பட்டதும், வேலை தேடி வந்த ஊரை மறந்து, கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் மறுபடி சிறுபிள்ளையாக நின்றேன். சிலோன் தேயிலை மலையிலிருந்து வந்திறங்கிய எங்களுக்குக் கடல் புதிது. காற்றே இல்லாத அந்தக் காலையில் கரிய மேகத்தடியிலிருந்து ஒரு கயிறு இறங்கிக் கடலைத் தொட்டது. தொட்ட இடத்தில் தண்ணீர் புகையாகச் சுழன்றது.

“மேகம் தண்ணி குடிக்குது புள்ள, குடிச்சிட்டுப் போயிரும். மழைக்கு முந்தி ரப்பர் பால எடுத்துட்டு வாறேன்,” என்று அம்மா வாளியைத் தூக்கினாள்.

“காத்தடிச்சா என்னா பண்ணுவ, மகாராணி?” என்றார் அப்பா.

“தேயிலைக்குள்ள குந்துன மாதிரி மரத்தடியில குந்திக்கிறேன். நீங்க சோத்த வடிங்க.”

அது குடித்துவிட்டுப் போகவில்லை. கரையேறி, இலையும் மண்ணும் சேர்ந்து கறுத்து, இரைந்துகொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தது. எங்கள் லயத்தில் ஒரு தகரம்கூட அசையவில்லை. அது போன வழியில் மட்டும் மரங்கள் முறுக்கி ஒடிந்து கிடந்தன. பக்கத்து வரிசையில் மரத்தில் கட்டிய சிரட்டைகள் பால் நிறைந்து அப்படியே இருந்தன. ஒடிந்த மரமெல்லாம் பால் சொட்டிக்கொண்டிருக்க, அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு நடுவே அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி அலைந்தார்.

சாயங்காலம்தான் கண்டோம். விழுந்த மரத்தின் அடியில் அம்மா குந்தியபடியே விறைத்துப்போயிருந்தாள். வழிந்த பால் உறைந்து அவள் கூந்தல் மரத்தோடு ஒட்டியிருந்தது. பால் வெட்டும் கத்தியால் முடியை அறுத்துத்தான் அப்பா அவளைத் தூக்கினார்.