பத்துக் கை

ஐந்தோவனில் சாயங்காலம் தெருவில் நடந்தால் எல்லார் வீட்டு அடுப்படியும் தெரியும். நெதர்லாந்துக்காரர்கள் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. போட்டாலும் இழுத்து மூடுவதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, தெருவில் போகிறவனைப் பார்த்து ‘ஹோய்’ என்று கையசைக்கிறார்கள். வந்த புதிதில் நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுவேன். அடுத்தவர் அடுப்படியைப் பார்த்ததற்கு யாராவது கூப்பிட்டுக் கேட்டுவிடுவார்களோ என்கிற பயம், மூன்று வருடம் ஆகியும் முழுதாகப் போகவில்லை. உங்களில் சிலருக்கு இந்தப் பயம் புரியாது. சிலருக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை.

சங்கரன்கோவிலுக்குப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கூடப் படித்தவன் வீட்டுக்கு நோட்டு வாங்கப் போனால், வாசலில் சைக்கிள் நிற்கிற இடம் வரைதான். அங்கே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து தாளிக்கிற வாசனை வரும். தாளிக்கிற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை. ஐந்தோவனில் முதல் மாதமே, அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் பெயர் பாஸ். நான் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் கையில் கத்தியும் நாலு வெங்காயமும் கொடுத்து அடுப்படியில் நிறுத்திவிட்டான். நான் நறுக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன தேடுகிறாய்?” என்றான். ஒன்றுமில்லை என்றேன். பிறகொரு நாள் அவன் சாதி என்றால் என்ன என்று கேட்டபோது, “அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் பார்க்கிறார்கள்?” என்று சொல்லி முடித்துவிட்டேன். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பற்றி வராது.

அந்தப் பொய்தான் போன சனவரியில் சென்னை வரைக்கும் என்கூட வந்தது. அலுவலக வேலையாக நானும் பாஸும் பத்து நாள் வந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் ஓர் ஆப்பில் எதையோ பதிவு செய்து வைத்திருந்தான். ‘பாரம்பரியத் தமிழ் இல்லச் சமையல், ஒரு குடும்பத்தோடு, அபிராமபுரம், இருவர்.’ படத்தில் வாழையிலை, பித்தளைப் பாத்திரம், பட்டுப்புடவை. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் வீடும் தமிழ் இல்லம்தான். அங்கே ஞாயிற்றுக்கிழமை சாளைமீன் குழம்பு. வேண்டாம், நல்ல ஓட்டலுக்குப் போவோம் என்று எவ்வளவோ சொன்னேன். “என் வீட்டில் நீ வெங்காயம் நறுக்கினாய். உன் நாட்டில் ஒரு வீட்டில் நான் நறுக்க வேண்டாமா?” என்றான். பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆட்டோ பிடித்தேன்.

சைதாப்பேட்டை தாண்டியதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தபடி ஆரம்பித்தார். “இன்னா நைனா, வெள்ளக்காரரு யாரு?”

“இவர் பாஸ்.”

“பாஸா? சம்பளம்லாம் கரீட்டா குடுக்கறாரா?”

“அவர் பேரே பாஸ்தாங்க.”

“அத்தத்தான் நானும் கேக்கறேன்.” அதற்கு மேல் நான் விளக்கவில்லை. விளக்காமல் விட்டது தப்பு என்று கால் மணி நேரத்தில் தெரிந்தது.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, பெயர் சுபா. படத்தில் இருந்த பட்டுப்புடவை இல்லை. காட்டன் குர்த்தா, நெற்றியில் வியர்வை. நான் ஆங்கிலத்தில், “திஸ் இஸ் பாஸ்” என்றேன். அவனைப் பார்த்து மலர்ந்து உள்ளே அழைத்தார். என்னிடம் தமிழுக்கு மாறினார்.

“நீங்க கீழ வெயிட் பண்றேளா? வாட்ச்மேன்கிட்ட சேர் இருக்கும். முடிஞ்சதும் உங்க பாஸே கால் பண்ணுவார்.”

 கதவைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள்ளா? முகத்தில் எழுதியிருக்கிறதா? “நானும்தான் கிளாஸுக்கு. ரெண்டு பேர்” என்றேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார். “ரெண்டு பேர்னதும் அவர் ஒய்ஃபாக்கும்னு நெனச்சேன். சாரி, டிரைவர்னு…” என்று இழுத்தார். பாஸ் என்கிற பெயர் செய்த வேலை அது என்று விளங்கியபோதும், நிம்மதி பாதிதான் வந்தது. அவருக்கும் என்மேல் நம்பிக்கை வரவில்லை. “தமிழ் ஆளுக்கு எதுக்குங்க சமையல் கிளாஸ்? தப்பா நெனச்சுக்காதீங்கோ. போன மாசம் இப்படித்தான் ஒருத்தர் வந்து, எல்லாத்தையும் வீடியோ எடுத்துண்டு போய், மந்தைவெளியில அதே மெனுவப் போட்டு கிளாஸ் ஆரம்பிச்சுட்டார். நீங்க எடுக்க மாட்டேளே?” மாட்டேன் என்று போனைப் பைக்குள் போட்டேன்.

அப்புறம் எதிர்பார்த்த கேள்வி வந்தது. “எந்த ஊர்?”

“திருநெல்வேலி பக்கம்.”

“பக்கம்னா?”

“சங்கரன்கோவில்.”

“டவுன்லயேவா?”

“பக்கம்.”

இந்த இடத்தில் நிறுத்துவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இதற்கு அடுத்தது தெரு. தெருவைச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அவர், “எங்காத்துக்காரருக்கு அம்பாசமுத்திரம்” என்று சொல்லிவிட்டு வத்தக்குழம்புக்குப் புளி கரைக்கப் போனார். உண்மையாகவே போனாரா, கணக்குப் போட்டு முடித்துவிட்டுப் போனாரா என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுப்படி சின்னதுதான். பாஸ் எதற்கெடுத்தாலும் ‘லெக்கர்’ என்றான். ருசி என்று அர்த்தம். பெருங்காயத்தை முகர்ந்து பார்த்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மணத்தக்காளி வற்றலைச் சுபா எண்ணெயில் போட்டதும், என்னை அறியாமலே நான் கிட்டே போய்விட்டேன். என் வாழ்க்கையில் இன்னொருவர் வீட்டு அடுப்படியில், தமிழ்நாட்டில், தாளிப்பை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறேன். இருபத்தெட்டு வயதில் இதை யாரிடம் சொல்வது? சுபா குக்கரைத் திறந்து, “இந்தாங்கோ, சாதத்த உதிர்த்து விடுங்கோ” என்று கரண்டியை என்னிடம் நீட்டினார். உதிர்த்தேன். நான்கு பருக்கை விரலில் ஒட்டியது. அடுத்து தயிர் கலக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்ததால், மேடையில் இருந்த தயிர்ப் பாத்திரத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

“ஐயோ, பத்து! பத்து! தொடாதீங்கோ!”

தயிர்ப் பாத்திரம் அவர் பக்கம் நகர்ந்துவிட்டது. என் கை காற்றில் நின்றது. பத்து என்றது எனக்கு எண்ணாகத்தான் கேட்டது. தொடாதே என்றது சரியாகக் கேட்டது. “கைய அலம்பிண்டு வந்து தொடுங்கோ” என்றார். பாஸ் திரும்பி, “என்ன ஆயிற்று?” என்றான். மூன்று வருடமாக நான் கட்டிக்காத்தது அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக உடையப்போகிறது என்று தெரிந்தது. “டென்… பத்து நிமிடம் கழித்துத்தான் தயிரைத் தொட வேண்டுமாம்” என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனில் பத்து நிமிடத்துக்கு டைமர் வைத்தான்.

குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு மறுபடி கழுவினேன். இப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். இறங்கினால் பாஸிடம் சொல்ல வேண்டும். சொன்னால், இத்தனை நாள் அவன் வீட்டு மேசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் யார் என்று அவன் கேட்பான். அப்போது பின்னால் மறுபடியும் அதே குரல்: “நோ நோ, பத்து!” பாஸ் ஒரு வாய்ச் சோற்றை எடுத்து ருசி பார்த்துவிட்டு அதே கையோடு நெய்க் கிண்ணத்துக்குப் போயிருந்தான். அவன் சந்தோஷமாக, “இன்னொரு பத்து நிமிடமா?” என்று இன்னொரு டைமர் வைத்தான். அதற்குள் சுபாவின் கணவர் உள்ளே வந்து, சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு ஊறுகாய் சாடியைத் தொட, “ஏன்னா, பத்துக் கையோடயா? வந்தவாளுக்கே ரெண்டு தடவை சொல்லியாச்சு, நீங்க இருபது வருஷமா கத்துக்கல” என்று அவருக்கும் விழுந்தது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் குழாயடிக்கு வந்தார். ஒரே குழாயில் இரண்டு பேரும் கை கழுவினோம்.

“பத்துன்னா என்னங்க?” என்று கேட்டேன்.

சுபா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “தெரியாதா? வெந்த சாதமோ, அது இருக்கற பாத்திரமோ பட்டா பத்து. அந்தக் கையோட தயிர், நெய், ஊறுகாயத் தொடப்படாது. தண்ணி தொட்டுண்டாப் போச்சு. கல்யாணம் ஆன புதுசுல மாமியார்கிட்ட எனக்கு ஒரு நாளைக்கு நூறு தரம் விழும். உங்காத்துல பாக்க மாட்டாளா?”

மாட்டார்கள் என்றேன். எங்கள் வீட்டில் சோறு என்றால் சோறு. அது ஒட்டிய கைக்குத் தனியாகப் பெயர் கிடையாது. எனக்குச் சொல்லவில்லை, கைக்குத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. ஆனால் சந்தேகம் எழுந்து போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. இவருடைய பத்து தண்ணீர் பட்டால் போய்விடும். எங்கள் தெருவுக்கு ஒன்று இருந்தது. அது எந்தத் தண்ணீரிலும் போகவில்லை, அதற்குக் கையில் சோறு ஒட்டியிருக்கவும் தேவையில்லை. இரண்டும் வேறு வேறா, ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலுமா என்று சுபாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

மேசையில் எனக்கும் பாஸுக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு. வத்தக்குழம்பு அபாரமாக இருந்தது. இதை எழுதாவிட்டால் நான் நேர்மையில்லாதவன். “நாங்க அப்பறம் சாப்பிடறோம்” என்று அவர்கள் நின்றபடி பரிமாறினார்கள். அது விருந்தாளிக்கான மரியாதையா, வேறு எதுவுமா? என் தட்டை அவர்கள் எடுப்பார்களா, என்னையே எடுக்கச் சொல்வார்களா என்று பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். பாஸ் சாப்பிட்டு முடித்ததும், அவன் ஊர் வழக்கப்படி, தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தானே கழுவத் தொடங்கிவிட்டான். சுபா, “ஐயோ, ப்ளீஸ், வேண்டாம்” என்று கெஞ்சியும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் நானும் கழுவினேன். என் சோதனை அத்தோடு கெட்டது.

கிளம்பும்போது சுபா என்னைத் தனியாக நிறுத்தினார். “ஆப்புல ரேட்டிங் கேக்கும். பத்துக்குப் பத்து போடுங்கோ, ப்ளீஸ். காரம்னு ஒருத்தர் ஆறு போட்டுட்டார், அதுலேந்து ஆளே வரமாட்டேங்கறா. இவருக்கும் வேலை போய் ஒரு வருஷம் ஆறது.” உள்ளே போய் ஒரு பொட்டலம் மணத்தக்காளி வற்றல் கொண்டுவந்தார். “உங்க ஃப்ரெண்டுக்குக் கசக்கும். இது உங்களுக்கு.” கையில் தரவில்லை, செருப்பு அலமாரியின் மேல் வைத்தார். கையில் தந்திருக்கலாம். ஆனால் மிச்சச் சோற்றை எடுத்துவைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவர் கையே பத்து.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு, போய்வந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன்.

“உள்ள விட்டாவளாலே?”

“விட்டாங்கம்மா.”

“அடுப்பு வரைக்குமா?”

“அடுப்பு வரைக்கும்.”

 பிறகு, “தட்ட யாரு கழுவுனா?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். “அந்த வெள்ளக்காரன் காரியத்தக் கெடுத்துட்டானே” என்று சிரித்தாள். பாஸ் பக்கத்தில்தான் இருந்தான். அம்மா ஏன் சிரித்தார் என்று கேட்டான். திருவான்மியூர் கடற்கரையில் உட்கார்ந்து, வாசலில் சைக்கிள் நிற்கிற இடத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.  கடைசியில், “நான் பத்து போட்டுவிட்டேனே, மாற்றட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஆப் என்னிடமும் ரேட்டிங் கேட்டிருந்தது; என் பங்குக்கு என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை.

ஐந்தோவன் திரும்பி மூன்று வாரம், அந்த ஆப் தினமும் நினைவூட்டிக்கொண்டே இருந்தது. நேற்று அலுவலகம் விட்டு வந்து, மிச்சமிருந்த வற்றலைப் போட்டுக் குழம்பு வைத்தேன். சோற்றை உதிர்த்தேன். தயிர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியிடம் போகிறேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் குழாயடியில் நிற்கிறேன், கைமேல் தண்ணீர் ஓடுகிறது. யாரும் சொல்லவில்லை. உடனே கையை வெளியே இழுத்தேன். ஒரு பருக்கை இன்னும் ஒட்டியிருந்தது. அதோடே போனை எடுத்துப் பத்து என்று போட்டேன். எந்தப் பத்து என்று ஆப் கேட்கவில்லை.

தலை நிமிர்ந்தபோது, திரையில்லாத என் சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். அடுப்பு, குழம்பு, குழாய், நான், எல்லாமே அவருக்குத் தெரிந்திருக்கும். பதிலுக்குக் கையைத் தூக்கினேன். பாதி ஈரம், பாதி சோறு.