மத்தியானம் ஒரு மணிக்கு ஒலிபெருக்கி

ஊரே தூங்கிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில், "உங்கள் குரலைக் கேட்க வந்திருக்கிறோம்" என்று கத்தியவன் நான். ஒருமுறை அல்ல, ஒன்பது முறை. அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. சின்ன வயசு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை.

மாநகராட்சித் தேர்தல். என் கல்லூரித் தோழி, வக்கீல், சுயேச்சையாக நின்றார். முற்போக்கானவர். எர்ணாவூரைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் மீனவர் குப்பத்தில்தான் அந்த வார்டின் கணிசமான ஓட்டு. பெயருக்கு மாநகராட்சி, நடப்பில் கிராமம். எங்களைப் போன்றவர்கள் அங்கே டெபாசிட்டைப் பறிகொடுப்பதுதான் வழக்கம். "குப்பத்தை என்னிடம் விடுங்கள், நான் ராயபுரத்துக்காரன்" என்று தோழிக்கு வாக்குக் கொடுத்தேன். ராயபுரத்தில் பிறந்தது உண்மை. கடலுக்குள் நான் போன அதிகபட்ச தூரம் முழங்கால் வரை என்பதும் உண்மை. அதை அவர் கேட்கவில்லை.

எட்டுப் பக்கத்தில், கெட்டித் தாளில், அறிக்கை எழுதினேன். கடல், உழைப்பு, உலகச் சந்தை எல்லாம் அதில் இருந்தன. விடியலுக்கு முன்பே கடலுக்குப் போகிறவர்கள், காலையில் மீனை ஏலம் விட்டு, சாப்பிட்டு, மத்தியானம்தான் கண்ணயர்வார்கள் என்பது மட்டும் இல்லை. ஜனங்களின் எதிரி யார் என்பது எங்களுக்கு அத்துப்படி. அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று கேட்டால் விழிப்போம். எங்கள் ஆட்டோ குப்பத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்று.

ஒன்பதாவது முறை கத்தியபோது ஒரு கதவு திறந்தது. மீன் விற்கும் அம்மா ஒருவர் கொண்டையை முடிந்துகொண்டே வந்து ஆட்டோவை மறித்தார்.

"இன்னா நைனா, எங்க கொரல கேக்க வந்தியா?"

"ஆமாம்மா."

"அப்ப மொதல்ல உன்னுத அணை. வூட்டுக்காரரு இப்பத்தான் கண்ண மூடினாரு. எந்திரிச்சாருன்னா ஓட்டு இன்னா, உன் வேட்டியே மிஞ்சாது."

அணைத்தேன். தோழி இறங்கிப் போய் அந்தம்மாவின் வாசற்படியில் உட்கார்ந்தார். பேசினால் தூக்கம் கெடுமே என்று வாயைத் திறக்கவில்லை. அந்தம்மாதான் கிசுகிசுத்தார்.

"மொகத்துவாரத்துல மண்ணு மூடிகினு கீது வக்கீலம்மா. மீன் புடிக்கிற போட்டு உள்ள வர்றப்ப தரை தட்டுது. போன வாரம் எம்புள்ள போட்டு சாஞ்சி, வல மொத்தமும் போச்சி. ஆளு பொழச்சி வந்ததே பெர்சு. அத்த தோண்ட வெப்பியா, சொல்லு. மீதியெல்லாம் அப்பாலிக்கா பேசிக்கலாம்."

"ஓட்டுக் கேட்டு வந்தவங்ககிட்ட சொல்லலையாக்கா?" தோழியும் கிசுகிசுத்தார்.

"சொல்ல வுட்டாத்தானே. அல்லாரும் மைக்கோட வர்றானுங்க."

அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் அதே மண், அதே கிசுகிசு. பார்த்தவர்கள் ஏதோ சதி நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நான் ஐந்தாம் பக்கத்திலிருந்து கடலரிப்பை விளக்கத் தொடங்கினேன். "உஷ்" என்றார்கள் எல்லாரும், தோழியும் சேர்த்து.

கடற்காற்றில் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தம்மா என் கையிலிருந்த அறிக்கையை வாங்கி, நாலாக மடித்து, கதவுக்கு அடியில் செருகினார்.

தேர்தலில் தோற்றோம். ஆனால் டெபாசிட் தப்பியது. குப்பத்து வாக்குச்சாவடியில் நாங்கள்தான் முதலிடம். தோற்ற கையோடு தோழி முகத்துவாரத்து மண்ணை அள்ளச் சொல்லி ஒரு மனுவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். நாலாவது மாதம் முகத்துவாரத்துக்கு மண் அள்ளும் இயந்திரம் வந்தது.

அதைப் பார்க்கப் போனவன், இந்தமுறை காலையிலேயே போனேன். அந்தம்மா கரையில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். என் அறிக்கைக்கும் இதில் பங்கு இருக்கும் என்ற நப்பாசை எனக்கு.

"நான் குடுத்த நோட்டீஸ் உதவியா இருந்துச்சாம்மா?"

"ஐய, நல்லா கீது நைனா. அன்னிலேர்ந்து கதவு அடிக்கவே இல்ல. இன்னொண்ணு இருந்தா குடு, பக்கத்து வூட்ல கேட்டுகினே கீறாங்கோ."