பாதி அறைக்கு ஆள் தேடியவள்

பாஸா நகரத்தில் மூன்று ஆறுகள் கூடும் முனைக்கு நாலு தெரு தள்ளி எங்கள் பயண அலுவலகம். விமானம், பஸ், தீவு, கடற்கரை எல்லாம் என் மேசை. பக்கத்து மேசை ஹெட்விக் கிரென்னுடையது. ஆற்றுக் கப்பல் முழுக்க அவள் பொறுப்பு. முப்பத்தொரு வருடம் விற்றாள்; ஒரு நாள்கூடக் கப்பலில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"ஏறினா எனக்குப் பிடிச்சதைத்தான் விப்பேன், ரெசி. ஏறாம இருந்தா, திரும்பி வந்தவங்க என்னென்ன திட்டினாங்களோ அதை வெச்சு விக்கலாம். திட்டுறவங்கதான் உண்மையைச் சொல்றாங்க."

பால்கனி அறைதான் வேண்டும் என்று உட்காரும் தம்பதிகளுக்கு முதல் அடி அங்கேயே விழும். "வியன்னாவுல கப்பலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிறுத்துவாங்க. உங்க பால்கனிக்கு எதிர்ல அடுத்த கப்பலோட பால்கனி. அங்க ஒருத்தர் உள்ளாடையோட பல் தேய்ச்சிட்டு நிப்பார். அதைப் பாக்கவா இவ்வளவு காசு?" கீழ்த்தள அறையைக் கேட்டால், "ஜன்னல் திறக்காது, வாத்து உங்க கண் மட்டத்துல நீந்தும், லிஃப்ட் அங்க வராது. முழங்கால் நல்லா இருந்து, தூங்க மட்டும்தான் அறைன்னா தாராளமா எடுங்க" என்பாள். கோடைக் கடைசியில் போக நினைப்பவர்களிடம், "ஸ்ட்ராவ்பிங் ஊர்ப் பக்கம் ஆத்துத் தண்ணி வத்திடுச்சுன்னா கப்பல் நின்னுடும், நீங்க பஸ்ல போவீங்க. பஸ்தான் வேணும்னா ரெசி மேசையில கேளுங்க" என்று என்னையும் ஒரு இடி இடிப்பாள்.

"சாப்பாடு எப்படி?"

"நிறைய. ஆனா மூணு வேளையும் அதே நூத்தைம்பது மூஞ்சி. மூணாவது நாள் யார் எந்த ஆபரேஷன் கதையைச் சொல்வாங்கன்னு உங்களுக்கே மனப்பாடம் ஆயிடும்."

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் இப்படித் திட்டு வாங்கிப் போனவர்கள் அடுத்த வருடமும் அவளிடம்தான் வந்தார்கள். என்னிடம் கடற்கரைக்குப் போனவர்கள் அப்படி வந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது உண்மை.

ஹெட்விக்கின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறு. தனியாகப் போகிறவர்கள் கப்பலில் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் விதவைகளுக்கு அது கட்டாது. அதனால் பாதி அறை என்று ஒரு வழக்கம்: முன்பின் தெரியாத இரண்டு பெண்களை ஒரே அறையில் போடுவது. யாரோடு யாரைப் போடுவது என்பது எங்கள் வேலை. கம்பெனி கொடுக்கும் படிவத்தில் மூன்றே கேள்விகள்: ஜன்னல் திறந்தா மூடியா, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், குறட்டை விடுவீர்களா. ஹெட்விக் நாலாவது ஒன்றைத் தானே கேட்பாள்: "கோவம் வந்தா எத்தனை நாள் பேசாம இருப்பீங்க?" ஒரு வாரத்துக்கு மேல் சொன்னவர்களுக்கு வாயாடி ஒருத்தியைத் தேடிப் பிடித்துத் தலையில் கட்டுவாள். சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட அவ்வளவு யோசிப்பதில்லை.

"குறட்டைக் கட்டத்துல எவளும் ஆமான்னு எழுத மாட்டா. எல்லாருக்கும் தான் பூனை மாதிரி தூங்குறதா நெனப்பு" என்பாள்.

இதைச் சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் அரை மணி நேரம் சாய்வாள். அப்புறம் எங்கள் கண்ணாடிக் கதவு அதிரும். சீரான, கனமான குறட்டை. நடுவில் ஒரு திக்கல், மறுபடி பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் கணினியைப் பார்ப்பேன். ஒன்பது வருடத்தில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

அவள் கணவன் கோர்பினியன் இறந்து நாலு வருடம். தச்சன், அதிகம் பேசாதவன். கடைசிப் பன்னிரண்டு வருடம் மாடி அறையில் தனியாகத்தான் படுத்தான். முதுகுவலி, அங்கே பலகைக் கட்டில்தான் ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டான். அவனைப் புதைத்த அந்த வாரம் ஹெட்விக் என்னிடம் ஒரே ஒரு முறை அதைப் பற்றிச் சொன்னாள். "முதுகுவலியெல்லாம் சும்மா, ரெசி. என்னைக் கண்டா அவருக்கு அலுத்துப் போச்சு. அதை மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம மாடி ஏறிட்டார்." அழவில்லை. கப்பலில் அறை ஒதுக்கீடு பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

எர்னா பிருக்னர் எங்களிடம் வந்தது அதற்கு அடுத்த பிப்ரவரியில். அறுபத்தெட்டு வயது, அகலமான கைகள். அவள் புருஷன் ரூப்பர்ட் சரக்குப் படகு ஓட்டியவன். முப்பத்துநாலு வருடம் எர்னாவும் அந்தப் படகிலேயே குடியிருந்து வேலை செய்தாள். அவன் போனதும் படகை விற்றுவிட்டு மூன்றாம் மாடியில் வீடு எடுத்தாள். பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் போய்த் திரும்பும் கப்பலில் பாதி அறை கேட்டாள். அதுவும் கீழ்த்தளம், பின்பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்து அறை. அந்த அறையை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

ஹெட்விக் அவளை டெக்கண்டார்ஃபிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தியோடு போட்டாள். பயணம் முடிந்ததும் அந்த ஆசிரியை பெட்டியோடு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"பைத்தியத்தோட என்னை அடைச்சு வெச்சிருக்கீங்க. நடு ராத்திரி எழுந்து உக்காந்து, 'அஞ்சு... நாலு... மூணு... ரெண்டு...'ன்னு எண்ணுது அந்தம்மா. கப்பல் வெடிக்கப் போகுதுன்னு நான் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிட்டு மாடிக்கு ஓடினேன். அங்க ஒரு சமையல்காரன் சிகரெட் பிடிச்சிட்டு நின்னான்!"

மறு வருடம் இரண்டாமவள் வழியில் லின்ஸிலேயே இறங்கி ரயிலேறி வந்துவிட்டாள். மூன்றாமவள் கம்பெனிக்கே எழுதிப் போட்டாள். கம்பெனி எங்களுக்கு எழுதியது: எர்னா பிருக்னர் பற்றி இன்னொரு புகார் வந்தால் இனி எந்தக் காலத்திலும் அவருக்குப் பாதி அறை கிடையாது; முழுக் கட்டணம் கட்டினால் வரட்டும். எர்னாவின் ஓய்வூதியத்துக்கு அது எட்டாக் கனி. அதாவது அவளுக்கு ஆறு முடிந்தது.

அடுத்து வந்த மார்ச் கடைசியோடு ஹெட்விக்கும் ஓய்வு பெறுவதாக இருந்தது. அவள் எர்னாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"எதை எண்ணுறீங்க, எர்னா அம்மா?"

எர்னாவின் முகம் சிவந்துவிட்டது. "மீட்டர். அணைக்கட்டு வர்ற இடத்துல, தண்ணியை ஏத்தி இறக்குற பூட்டுத் தொட்டிக்குள்ள கப்பல் நுழையுமில்ல. ரூப்பர்ட் பின்னால சுக்கான் கூண்டுல இருப்பார், அவருக்கு முன்பக்கம் தெரியாது. நான் படகோட மூக்குல நின்னு, சுவருக்கு எத்தனை மீட்டர் இருக்குன்னு வயர்லெஸ்ல சொல்லணும். சொல்லலைன்னா இடிச்சிடும். முப்பத்துநாலு வருஷம் சொன்ன வாய். தூக்கத்துல தானா வருது, நான் என்ன பண்ண?"

"வியன்னா போறதுக்குள்ள ஒன்பது பூட்டு இருக்கே!"

"ஒன்பதுக்கும் முழிப்பு வந்துடும்."

"அப்புறம் எதுக்குக் கப்பல்? மலைக்குப் போங்களேன்."

"மலை அசையாதே" என்றாள் எர்னா. "வீட்டுல படுத்தா விடியிற வரைக்கும் கண்ணு மூடாது. தரை அப்படியே கிடக்கு. கப்பல்ல பூட்டுக்குப் பூட்டு நடுவுலயாவது தூங்குறேன். எஞ்சின் பக்கம் அறை கேட்டது அதுக்குத்தான். ஆனா இந்தக் காலத்துக் கப்பல்ல எஞ்சின் சத்தமே இல்ல. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

பாதி அறை கேட்டவர்களைக் குறித்து வைத்திருந்த தன் நோட்டை ஹெட்விக் புரட்டினாள். நூற்றுப் பதினெட்டு பெயர்கள். காது கேளாத ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஏப்ரலில் கண் ஆபரேஷன். இன்னொருத்தி போன மாதம்தான் காலமாகியிருந்தாள். நோட்டு முடிந்தது. எர்னா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க" என்றாள் ஹெட்விக். "நான் வர்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தனக்கென்று ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினாள். ஜன்னல்: மூடி. எழுவது: ஆறு மணி. குறட்டை: இல்லை. அந்த 'இல்லை'யை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். ஒருத்தி தூக்கத்தில் மீட்டர் சொல்வாள், இன்னொருத்தி கதவை அதிரவைப்பாள். மறுநாளே லின்ஸிலிருந்து பஸ் பிடிப்பார்கள், எர்னாவின் கதை அத்தோடு முடியும் என்று நினைத்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஓய்வு பெறப் போகிறவளிடம் எதற்கு என்று இருந்துவிட்டேன். சொல்லப்போனால் எனக்குத் தைரியம் இல்லை.

கப்பல் கிளம்பிய மறுநாள் பஸ்ஸும் வரவில்லை, போனும் வரவில்லை. எட்டாவது நாள் காலையில் இரண்டு பேரும் பெட்டிகளோடு அலுவலகத்துக்குள் வந்தார்கள். எர்னாவின் கன்னம் உப்பி, முகம் தெளிந்திருந்தது. ஹெட்விக்கின் முகத்தைப் பார்த்தால் யாரையோ அடிக்க வந்தவள் மாதிரி இருந்தது.

"ரெசி, நான் குறட்டை விடுவேனா?"

நான் கணினியைப் பார்த்தேன்.

"திரையை ஏண்டி பாக்குறே? ஒன்பது வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கே. ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னு..."

எர்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன குறட்டைங்க அது! எங்க படகு எஞ்சின் அப்படியேதான். நடுவுல ஒரு திக்கு திக்கும் பாருங்க, ரூப்பர்ட் அதை ரிப்பேர் பண்ணவே விட மாட்டார். முதல் ராத்திரி கேட்டதும் தலையணையில சாஞ்சேன். கண்ணைத் திறந்தா வெளியில வியன்னா. ஒன்பது பூட்டு போயிருக்கு, எனக்கு ஒண்ணுமே தெரியாது. எட்டு நாளும் அப்படித்தான்."

"எண்ணவே இல்லையா?" என்றேன்.

"எங்க எண்ணினா? பொணம் மாதிரி தூங்கினா" என்றாள் ஹெட்விக். கப்பலில் ஏறும்போது 'நீங்க'வாக இருந்தவர்கள் இறங்கும்போது 'நீ' ஆகியிருந்தார்கள். "புடாபெஸ்ட்ல எல்லாரும் கோட்டை பாக்கப் போறாங்க, இவ மத்தியானம் என் தோளைத் தட்டி, 'கொஞ்சம் படுடி, எனக்குக் கண்ணு சொக்குது'ங்கிறா!"

நானும் சிரித்தேன். ஹெட்விக் சிரிக்கவில்லை. தன் பழைய நாற்காலியில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அப்போ கோர்பினியன் மாடி ஏறினது இந்தக் குறட்டைக்குத்தான்" என்றாள்.

எர்னாவும் சிரிப்பை நிறுத்தினாள்.

"எனக்கு அவமானமா இருக்கும்னு சொல்லாம இருந்திருக்கார். பன்னிரண்டு வருஷம் பலகையில படுத்திருக்கார், ரெசி. நான் அந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சு, கடைசி வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தேன்."

ஒன்பது வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எர்னா அந்தப் பெரிய கையை அவள் முதுகில் வைத்தபடி நின்றாள். வாடிக்கையாளர் ஒருவர் கதவைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரம் கழித்து ஹெட்விக் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் மேசையிலிருந்து ஒரு படிவத்தை உருவினாள். அடுத்த வருடம், கீழ்த்தளம், பின்பக்கம், பாதி அறை இரண்டு. குறட்டைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக 'ஆமாம்' என்று எழுதினாள். ஒன்பது வருடத்தில் அந்தக் கட்டத்தில் அப்படி எழுதி நான் பார்த்தது அது ஒன்றுதான்.